கேள்வி – பதில்: கூரைமேல் கல்நார்

எங்கள் வீட்டுக்கு 20 வருடத்துக்கு முன்பு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டோம். 'அதன் கீழே படுத்தாலே கேன்சர்' என்கிறார்கள். உடனே பிரித்துவிடலாமா? – வாசகி, ஆரணி

அவசரப்படாதீர்கள். ஷீட்டின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். மீதியெல்லாம் பெரும்பாலும் சிமெண்ட். ஷீட் விரிசல் இல்லாமல் முழுசாக இருக்கும்வரை நார் சிமெண்டுக்குள் சிக்கியே கிடக்கும். அறுத்தால், துளை போட்டால், உடைத்தால்தான் கண்ணுக்குத் தெரியாத தூசியாகக் கிளம்பும். பயந்துபோய் சுத்தியலால் உடைத்துப் பிரிப்பவர்கள், 20 வருடத்தில் வராத தூசியை ஒரே மதியத்தில் வீட்டுக்குள் இறக்கிவிடுகிறார்கள்.

மேலே பாசி பிடித்திருந்தால் வயர் பிரஷ் போட்டுச் சுரண்டக் கூடாது, பிரஷர் பம்ப்பும் வேண்டாம். மழையில் சிமெண்ட் அரித்து, இறவாரத்தின் கீழே சாம்பல் நிற வண்டல் சேரும். அதைக் காயவிட்டுப் பெருக்காமல் ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுங்கள். உள்பக்கம் பெயிண்ட் அடிப்பது நல்லதுதான், ஆனால் அதற்காக எமரி பேப்பர் போட்டுத் தேய்க்காதீர்கள்.

ஷீட்டை எடுத்துவிட்டு வேறு கூரை போடப் போகிறோம். பிரிக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்? – வாசகர், திண்டுக்கல்

முதல் ஆபத்து கேன்சர் அல்ல, கீழே விழுவது. பழைய ஷீட் ஆள் எடையைத் தாங்காது. அதன்மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. கீழே பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஓடும் இடமாகப் பார்த்து, இரண்டு மூன்று பர்லின்மேல் படும்படி நீளமான பலகை போட்டு அதில்தான் நகர வேண்டும். முடிந்தவரை கீழிருந்து சாரம் கட்டி வேலை செய்வது மேல்.

பிரிக்கும் முன் சோப்புத் தண்ணீரைக் கைத்தெளிப்பானால் மெல்லத் தெளித்து நனையுங்கள். சோப்புக் கலந்தால் தண்ணீர் உள்ளே நன்றாக ஊறும். ஆனால் வழுக்கும், நினைவிருக்கட்டும். ஷீட்டைப் பர்லினோடு பிடித்திருக்கும் கொக்கி ஆணியான ஜே-போல்ட் துருப்பிடித்து நட்டு கழலாவிட்டால் தட்டவோ நெம்பவோ வேண்டாம், ஷீட் அங்கேதான் பிளக்கும். கீழ்ப்பக்கமாக, பர்லினை ஒட்டிக் கொக்கியை ரம்பத்தால் அறுத்துவிடுங்கள். டிஸ்க் கட்டர் பக்கமே போக வேண்டாம். சுற்றும் தகடு ஷீட்டில் பட்டால் கிளம்பும் புகைபோன்ற தூசிதான் இந்த வேலையிலேயே மோசமானது. கடைசியாகப் போட்ட ஷீட்டை முதலில் எடுத்து, முழுசாகக் கைமாற்றி இறக்குங்கள். மேலிருந்து எறியாதீர்கள்.

முகத்தில் துண்டு கட்டுவதும் ஆஸ்பத்திரி நீல மாஸ்க்கும் இதற்கு உதவாது. நுண்தூசியைத் தடுக்கும் எஃப்.எஃப்.பி.3 அல்லது பி3 ஃபில்டர் உள்ள மாஸ்க் வேண்டும். தாடி இருந்தால் அதுவும் முகத்தோடு படியாது. இறக்கியதை 200 மைக்ரான் பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே என்ன என்று மேலே எழுதுங்கள். தரையைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியையும் அதே மூட்டையில் போடுங்கள். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்ணிய நாரைப் பின்பக்கமாக வெளியே துப்பிவிடும். வேலை பார்த்த உடையை வீட்டுத் துணியோடு போடக் கூடாது. கணவரின் வேலை உடையைத் துவைத்ததாலேயே கல்நார் கேன்சர் வந்த பெண்கள் உண்டு.

உடைசலைப் பாதையில் நிரப்பவோ கோழிக்கூண்டுக்கோ கொடுக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அபாயக் கழிவுகளைப் புதைக்கும் தளம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது.

ஷீட்டில் கல்நார் இருக்கிறதா என்று பார்த்தே சொல்ல முடியுமா? – வாசகர், ஓசூர்

முடியாது. ஆய்வகத்தில் போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். 'நான்-ஆஸ்பெஸ்டாஸ்' என்று அச்சிடாத பழைய சிமெண்ட் ஷீட் என்றால், இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதன் தீங்கு சமீபத்தில்தான் தெரியவந்ததா? – வாசகர், மதுரை

இல்லை. 1898-லேயே பிரிட்டனின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர்கள் இந்தத் தூசி கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையாக இருப்பதையும், தொழிலாளர்களுக்குக் கேடு செய்வதையும் அறிக்கையில் எழுதினார்கள். 1901-ல் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் கல்நாரையும் சிமெண்டையும் சேர்த்து ஷீட் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எச்சரிக்கை முந்திக்கொண்டது, ஆனால் ஓடியது வியாபாரம்தான்.

பிரிட்டனின் ராச்டேல் ஊரில் கல்நார் நூற்ற நெல்லி கெர்ஷா 1924-ல் 33 வயதில் இறந்தார். அவர் நுரையீரலைச் சோதித்து அதில் கல்நார்த் தூசியைக் கண்ட டாக்டர் வில்லியம் குக் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். 1931-ல் பிரிட்டன் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் கொண்டுவந்தது. 1955-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் டால் நுரையீரல் புற்றுநோய்த் தொடர்பை நிறுவினார். 1960-ல் தென்னாப்பிரிக்காவில், நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் 33 பேருக்கு வந்த மீசோதீலியோமாவை டாக்டர் வாக்னர் குழு பதிவு செய்தது. நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்றுநோய் இது. அவர்களில் பலர் சுரங்கத்தில் இறங்கியவர்களே அல்ல, பக்கத்தில் குடியிருந்தவர்கள். இவ்வளவுக்குப் பிறகும், ஷீட்டில் சேர்க்கும் வகையான வெள்ளைக் கல்நாரைப் பிரிட்டன் தடை செய்தது 1999-ல்தான். 'வெள்ளை பரவாயில்லை' என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையின் முடிவு.

இலங்கையில் கல்நாருக்குத் தடை வரும் என்றார்களே, என்ன ஆயிற்று? – வாசகர், யாழ்ப்பாணம்

தேயிலையில் முடிந்தது. 2018 தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு வர இருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. இலங்கைக்குக் கல்நார் விற்கும் நாடும் ரஷ்யாதான். அரசு கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது, தேயிலைத் தடையும் நீங்கியது. இந்தியாவும் ரஷ்யாவிலிருந்து நிறையவே வாங்குகிறது.

அப்பா ஷீட் கம்பெனியில் 22 வருடம் வேலை பார்த்தவர். இப்போது ஒரு தொந்தரவும் இல்லை. பரிசோதனை தேவையா? – வாசகி, கோவை

தேவை. கல்நார் நோய்கள் தலைகாட்ட 20 முதல் 50 வருடம்கூட ஆகும். நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுத்திறன் சோதனையும் முதலில் போதும். சந்தேகம் இருந்தால் டாக்டர் சி.டி. எழுதுவார். போனவுடன் 'கல்நார் வேலை பார்த்தவர்' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எக்ஸ்ரே நிழலை டி.பி. என்று நினைத்து மருந்து தொடங்கிவிடலாம்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே விட வேண்டும். அமெரிக்க இன்சுலேஷன் தொழிலாளர்களிடம் செய்த ஆய்வில், கல்நார் மட்டும் நுரையீரல் புற்றுநோயை சுமார் 5 மடங்கும், புகை மட்டும் 10 மடங்கும் கூட்டின. இரண்டும் சேர்ந்தபோது 50 மடங்கை எட்டியது.

கம்பெனியிடம் அவருடைய மருத்துவப் பதிவேட்டின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் உத்தரவிட்டது. கல்நார் நுரையீரல் நோய் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பின்னாளில் நோய் தெரிந்தால், இழப்பீடு கோர இந்த நகல் வேண்டியிருக்கும்.