ராத்திரி லாங் ரைடுக்கு எந்த டைனமோ ஹப் வீல் வாங்கலாம்?

டைனமோ ஹப்னா, வீல் சுத்தும்போதே லைட்டுக்கு கரண்ட் தர்ற முன் வீல் ஹப் (வீலோட நடுப்பகுதி). முதல்ல ஃபோர்க்கை (முன் வீலை பிடிச்சிருக்கிற கவை) பாருங்க, க்விக் ரிலீஸா (லீவரால கழட்டுற மெல்லிய ஆக்சில்) 12 எம்எம் த்ரூ ஆக்சிலா (ஃபோர்க்குக்குள்ள திருகுற தடிமனான ஆக்சில்), டிஸ்க் பிரேக்கா ரிம் பிரேக்கா, இது செட் ஆகலன்னா எவ்ளோ நல்ல ஹப்பா இருந்தாலும் மாட்டவே முடியாது.

அடுத்து பவர். 3 வாட், 1.5 வாட்னு ரெண்டு வகை வரும், 1.5 வாட்ல இழுவை, அதாவது மிதிக்கும்போது ஹப் தர்ற தடை, கம்மிதான், ஆனா ராத்திரி முழுக்க ஓட்டணும்னா நான் 6 வோல்ட் 3 வாட் ஹப்தான் சொல்வேன், ஏன்னா ஏத்தத்துல மெதுவா மிதிக்கும்போதுதான் கரண்ட் குறையும், பெரிய வீல்ல 1.5 வாட் ஹப் அங்க இன்னும் மங்கலா எரியும், இருட்டுல பள்ளம் கண்ணுக்குத் தெரியறது எனக்கு ரொம்ப முக்கியம். இழுவையை நினைச்சு பயப்படாதீங்க, லைட்டை ஆஃப் பண்ணிட்டா பெருசா தெரியாது. அந்த 3 வாட்லயே லைட்டும் போன் சார்ஜும் சேர்த்து எதிர்பாக்காதீங்க, சார்ஜிங் பகல்ல வச்சுக்கங்க, அதுவும் ஓரளவு வேகமா போனாதான் உருப்படியா ஏறும்.

ஹப்ல இருந்து வர்றது ஏசி கரண்ட், அதனால டைனமோவுக்குன்னே செஞ்ச லைட்டா, நின்னாலும் கொஞ்ச நேரம் எரியற ஸ்டாண்ட்லைட் உள்ளதா வாங்குங்க. லோடு வச்சு ஓட்டுறதா இருந்தா 32 இல்ல 36 ஸ்போக். பழைய ஸ்போக்கை அப்படியே போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, டைனமோ ஹப்ல ஸ்போக் மாட்டுற விளிம்பு (ஃப்ளாஞ்ச்) பெருசு, நீளம் மாறும்.