ஸ்டீராய்டு அளவை நானே கூட்டிக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. 6 ஆண்டுகளாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) இருக்கிறது. நோய் கூடும்போதெல்லாம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவேன், குறைந்ததும் விட்டுவிடுவேன். ஒரு வாரமாக நாளுக்கு எட்டு முறை ரத்தத்தோடு மலம் போகிறது, காய்ச்சலும் இருக்கிறது. இடது கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. மாத்திரை அளவைக் கூட்டலாமா? குடலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகவில்லை.

பதில்: கூட்ட வேண்டாம். இன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நாளுக்கு 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலும் சேர்ந்தால் அது படுக்கையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய கடுமையான நிலை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உங்கள் கால். குடல் அழற்சி தீவிரமாகும்போது ரத்தம் எளிதில் உறையும். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கால் வீக்கத்தை முதலில் சொல்லுங்கள், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள். மலத்தில் ரத்தம் போகும்போதே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுவார்கள். பயப்படாதீர்கள், இந்த நோயில் அது வழக்கமான சிகிச்சைதான்.

மலத்தில் கிருமித்தொற்று இருக்கிறதா, பெருங்குடல் உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டீராய்டை நரம்பு வழியாகக் கொடுப்பார்கள். மூன்றாம் நாள் வாக்கில் பலன் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடுத்த மருந்தாக இன்ஃப்ளிக்ஸிமாப் அல்லது சைக்ளோஸ்போரின் இருக்கிறது. அதற்கும் அடங்காவிட்டால், அல்லது குடல் உப்பி ஓட்டை விழும் நிலை வந்தால்தான் அறுவை சிகிச்சை. தள்ளிப்போடத் தள்ளிப்போட, நீங்கள் பயப்படும் அந்த அறுவை சிகிச்சைதான் நெருங்கி வரும். அப்படியே செய்ய நேர்ந்தாலும், பலருக்குப் பின்னர் சிறுகுடலால் பை அமைத்து ஆசனவாய் வழியாகவே மலம் போகச் செய்யலாம்.

மருத்துவமனைக்குப் போகும்வரை பேதியை நிறுத்த லோபராமைடும், வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபனும் வேண்டவே வேண்டாம். பிரெட்னிசலோன் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள்.

நோய் அடங்கிய பிறகு மருந்துத் திட்டத்தையே மாற்ற வேண்டும். ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும், ஆனால் நோயைத் திரும்ப வராமல் வைத்திருக்காது. எலும்பு தேய்வதும் சர்க்கரை ஏறுவதும்தான் மிஞ்சும். உடலின் எதிர்ப்பு சக்தியைக் கட்டுப்படுத்தும் அசதையோப்ரின் மாத்திரை அல்லது அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் பயலாஜிக் ஊசிகள் பற்றிக் குடல் மருத்துவரிடம் கேளுங்கள். பயலாஜிக் தொடங்குமுன் காசநோய்க்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கும் பரிசோதனை கட்டாயம். அப்புறம், நோய் தொடங்கி 8 ஆண்டு ஆனதும் புற்றுநோய் இருக்கிறதா என்று பெருங்குடலைக் கேமராக் குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியைத் தொடங்க வேண்டும். உங்களுக்கு அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது.