போக்கர் நூல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

விடுதியில் நாங்கள் ஐந்து நண்பர்கள் ஞாயிறுதோறும் டெக்சாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் சீட்டாட்டம் ஆடுகிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. பணம் இல்லை, புளியங்கொட்டைதான். சென்ற வாரம் என் கையில் இரண்டு ஏஸ், நண்பனிடம் இரண்டு ராஜா. பொதுச்சீட்டுகளை விரிப்பதற்கு முன்பே அவன் எல்லாவற்றையும் வைத்தான். நானும் ஈடாக வைத்தேன். கடைசிச் சீட்டாக ஒரு ராஜா வந்து என்னைக் கவிழ்த்தது. ஆத்திரத்தோடு அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். என் சீட்டும் பொதுச்சீட்டும் சேர்த்து நான்கு ஹார்ட்டின், வேறொன்றும் இல்லை. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால்தான் பலம், வர வேண்டியது இன்னும் ஒரே சீட்டு. நடுவில் 100 கொட்டை. இன்னொரு நண்பன் தன் கடைசி 50ஐ வைத்தான். நானும் வைத்தேன். ஐந்தாவது ஹார்ட்டின் வந்தது, ஜெயித்தேன். ஆனாலும் அன்றிரவு அந்த ராஜாவை நினைத்துத் தூக்கமில்லை. போக்கரை முறையாகக் கற்க எவற்றைப் படிக்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

தோற்ற ஆட்டத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் தவறு செய்தது ஜெயித்த ஆட்டத்தில்.

இரண்டு ஏஸும் இரண்டு ராஜாவும் மோதினால் ஏஸ் வெல்வது நூற்றுக்கு ஏறக்குறைய 82 முறை. மிச்சமுள்ள 18இல் ஒன்று அன்று உங்களுக்கு வாய்த்தது. டேவிட் ஸ்க்லான்ஸ்கியின் ‘தி தியரி ஆஃப் போக்கர்’ (1987) இதற்கு ஓர் உரைகல் தருகிறது: எதிராளியின் சீட்டுகள் தெரிந்திருந்தால் எப்படி ஆடியிருப்பீர்களோ, அதிலிருந்து விலகும் ஒவ்வொரு முறையும் லாபம் அவருக்கு. அந்த ராஜாக்களைப் பார்த்திருந்தால் நீங்கள் பின்வாங்கியிருப்பீர்களா?

இனி அந்த ஹார்ட்டின். உங்கள் கண்ணில் பட்டவை கையில் இரண்டும் நடுவில் நான்குமாக ஆறு சீட்டுகள், படாதவை 46. அவற்றில் ஹார்ட்டின் 9. ஐந்தில் ஒன்றைவிடச் சற்றே குறைந்த வாய்ப்பு. நீங்கள் 50 வைத்தால் நடுவில் சேர்வது 200. அதில் உங்கள் பங்கு நாலில் ஒன்று. நாலில் ஒரு பங்கு விலை கொடுத்து, ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத வாய்ப்பை வாங்கியிருக்கிறீர்கள். சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே வள்ளுவர் எச்சரிப்பது வெற்றியைப் பற்றி. தூண்டிலில் இருந்த பொன்னை மீன் விழுங்கியதுபோல என்கிறார். உங்கள் ஐந்தாவது ஹார்ட்டின் அந்தப் பொன்தான்.

ஆகவே ஸ்க்லான்ஸ்கியைப் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து படியுங்கள். வறண்ட நடை, மெதுவாகத்தான் நகரும். ஆனால் அதற்கு முன் மரியா கொன்னிகோவாவின் ‘தி பிக்கஸ்ட் பிளஃப்’ (2020). உளவியல் படித்த அவர், ஒரு சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்பதே தெரியாமல் தேர்ந்த போக்கர் ஆட்டக்காரரான எரிக் சைடெலிடம் பாடம் கேட்கப் போகிறார். அதிர்ஷ்டம் கைவிட்டுத் தோற்ற கதையை அவர் சொல்ல வரும்போது சைடெல் கேட்க மறுக்கிறார். நம் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் கொட்டுவது போன்றது அது என்பது அவர் கருத்து. அந்தப் பக்கத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். ஆத்திரம் உங்கள் பெரிய சிக்கல் என்று தோன்றினால் ஜாரெட் டெண்ட்லரின் ‘தி மென்டல் கேம் ஆஃப் போக்க’ரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாயில் பிரன்சனின் ‘சூப்பர் சிஸ்டம்’ இப்போது வேண்டாம். 1976, 1977 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் உலகப் பட்டம் வென்றவர் தன் முரட்டு ஆட்டத்தின் சூட்சுமங்களைத் திறந்து காட்டிய நூல் அது. அடிப்படை தெரியாமல் அந்த வேகத்தை எடுத்துக்கொண்டால் கொட்டை மிஞ்சாது. போட்டிகளில் ஆடும் எண்ணம் வந்தால் டேன் ஹாரிங்டனின் ‘ஹாரிங்டன் ஆன் ஹோல்டெ’மைப் பார்க்கலாம்.

ஒரு நூலை மட்டும் ஆட்டத்துக்காக அல்லாமல் எழுத்துக்காகவே பரிந்துரைக்கிறேன்: ஆல் அல்வாரெஸ் எழுதிய ‘தி பிக்கஸ்ட் கேம் இன் டவுன்’ (1983). கவிஞரும் விமர்சகருமான அவர் 1981இல் லாஸ் வேகாஸ் போய், உலகப் போட்டி நடந்த பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் ஆட்டக்காரர்களைக் கவனித்து எழுதியது. பணத்தை வெறும் பந்தய வில்லையாகப் பார்க்கப் பழகிய மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி நொடிந்து மீண்டும் வந்து உட்காருகிறார்கள் என்பதை இவ்வளவு நெருக்கமாக எழுதிய வேறு நூலை நான் படித்ததில்லை.

புளியங்கொட்டையை விட்டுவிடாதீர்கள், இது என் வேண்டுகோள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்லியிருப்பேன். நீங்கள் கற்க வேண்டிய கணக்கு கொட்டையிலும் அதே கணக்குதான்.

அடுத்த கடிதத்தில் ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று எழுத வேண்டாம். கையில் என்ன இருந்தது, நடுவில் எவ்வளவு இருந்தது, என்ன நினைத்து வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.