மறுபடியும் தொட்டுவிட்டான், இனி என்ன?

போதைப்பொருள் பற்றித் திருகோணமலையின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் நான்கை எடுத்திருக்கிறேன். எழுதியவர்களை யாரும் அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஹெரோயினுக்கு அடிமையான மகன் மூன்று மாதம் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வந்தான். பத்தே நாளில் மறுபடியும் தொட்டுவிட்டான். பத்திரகாளி அம்மனுக்கு நான் வைக்காத நேர்த்தியில்லை. இவன் திருந்தவே மாட்டானா? (ஒரு தாய், உப்புவெளி)

அம்மா, அவன் உயிரைப் பற்றி முதலில் பேசுவோம். மூன்று மாதம் ஹெரோயின் தூள் படாத உடல் பழைய அளவைத் தாங்காது. முன்பு தினமும் எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்கள் மிகவும் ஆபத்தானவை. அறையை உள்ளே பூட்டிக்கொள்ள விடாதீர்கள். தட்டியும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, மூச்சு குறட்டைபோல் இழுத்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 அம்புலன்ஸை அழையுங்கள். பொலிஸ் வருமோ, அயலவர் பார்ப்பார்களோ என்று ஒரு நிமிடமும் தயங்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் மறுபடியும் பாவிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளர்களிலும் ஏறக்குறைய இவ்வளவு பேருக்கு நோய் திரும்புகிறது. அழுத்தம் மறுபடி ஏறினால் மருந்தை மாற்றிப் பார்க்கிறோமே தவிர, அவரைக் கைவிடுவதில்லை.

வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை, அவர்கள் 1971இல் நாடு திரும்பிய பின் ஆராய்ந்தார்கள். பெரும்பாலானோர் மறுபடி அடிமையாகவில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. போர்க்களமும் அங்கிருந்த கூட்டாளிகளும் விலகியது அவற்றில் முக்கியமானது. உங்கள் மகன் திரும்பி வந்ததோ அதே சந்திக்கு, அதே நண்பர்களிடம், அதே தொலைபேசி இலக்கத்தோடு. சில மாதமாவது வேறூரில் உறவினர் வீட்டில் தங்கி ஒரு வேலை பழகட்டும். சாப்பாடு போடுங்கள், கையில் காசு கொடுக்காதீர்கள். நேர்த்தியையும் விட வேண்டாம், அது உங்களைத் தாங்குகிறது.

கணவர் இரவில் கடலுக்குப் போகிறவர். தூக்கம் வராமலிருக்க ஐஸ் பாவிக்கத் தொடங்கினார். இப்போது என்னைச் சந்தேகிக்கிறார், யாரோ பின்தொடர்வதாகச் சொல்கிறார். (கிண்ணியா)

சகோதரி, அந்தச் சந்தேகம் உங்கள் நடத்தையால் வந்ததல்ல. ஐஸ், அதாவது மெத்தாம்பெட்டமைன், மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தை வெள்ளமாய்த் திறந்துவிடுகிறது. தூக்கமும் இல்லாதபோது இல்லாத குரல் கேட்கும், இல்லாத ஆள் தெரியும். சத்தியம் செய்து நிரூபிக்க முயலாதீர்கள், வாதம் அவரை இன்னும் கிளறும். கத்தியை எடுத்தாலோ மிரட்டினாலோ பிள்ளைகளோடு உம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், அது அவரைக் கைவிடுவதாகாது. அமைதியான வேளையில், அவர் மதிக்கும் ஒருவரோடு வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு நாட்களில் அல்லது வாரங்களில் இந்தப் பிரமைகள் அடங்கும்.

நிறுத்திய முதல் வாரங்களில் ஓயாமல் தூங்குவார், எதிலும் பிடிப்பிருக்காது. சோம்பல் என்று ஏசாதீர்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் தனியே விடாதீர்கள்.

மனத்திடம் இருந்தால் ஹெரோயினை வீட்டிலேயே விட முடியாதா? (இளைஞர், மூதூர்)

விட்டவர்கள் இருக்கிறார்கள், தம்பி. கடைசியாக எடுத்த ஒரு நாளுக்குள் உடம்பு முறுக்கத் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் உடலின் நீரை உறிஞ்சிவிடும், ஆகவே மருத்துவரின் கண்காணிப்பு நல்லது. மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்திருந்தால் வீட்டில் திடீரென நிறுத்தவே கூடாது, வலிப்பு வரலாம். இந்த ஒரு வாரத்தை மனத்திடத்தால் கடக்கலாம். அதற்குப் பின் வரும் ஒரு வருடத்துக்குத்தான் ஆள்துணை வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தை அழைத்துப் பேசுங்கள்.

கஞ்சாவோடு பிடிபட்ட மாணவனைப் பாடசாலையிலிருந்து விலக்கினால் மற்றவர்கள் பயப்படுவார்கள் அல்லவா? (ஆசிரியர்)

மற்றவர்கள் பயப்படுவார்கள், சேர். அவன் காலை எட்டு மணிக்கே விற்பவனிடம் போய் நிற்பான். பெற்றோரை அழையுங்கள், உளவளத்துணை ஆசிரியரிடம் சேருங்கள், வகுப்பில் அவனுடைய இடம் அப்படியே இருக்கட்டும்.