“நகராட்சியிலிருந்து பேசுகிறேன்” என்று போன் வந்தால்…

கேள்வி: என் மாமனாருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. “நகராட்சி வருவாய் ஆய்வாளர் பேசுறேன், உங்க வீட்டு வரி மூணு அரையாண்டு பாக்கி, சாயங்காலத்துக்குள்ள 6,400 ரூபாய் கட்டலைன்னா நாளைக்குக் குழாயைக் கட் பண்ணிடுவோம்” என்று ஒருவர் போன் செய்தார். கதவு எண், வரிவிதிப்பு எண் எல்லாம் சரியாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடும் வந்தது. நான் தடுத்துவிட்டேன். ஆனால் நிஜமாகவே பாக்கி இருந்தால்?
— வாசகி, கோவை மாவட்டம்

பதில்: தடுத்தது ரொம்ப நல்ல காரியம். வரிவிதிப்பு எண்ணைச் சரியாகச் சொன்னதும் நம்பிவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த எண் ஒன்றும் ரகசியம் கிடையாது. கரண்ட் கனெக்‌ஷன் பெயர் மாற்ற, வங்கிக் கடனுக்கு என்று வீட்டு வரி ரசீதின் ஜெராக்ஸை எத்தனையோ இடத்தில் கொடுத்திருப்போம், அதெல்லாம் யார் கைக்குப் போனது என்று யாருக்குத் தெரியும்?

பாக்கி உண்டா என்பதை அந்த ஆளிடம் கேட்காதீர்கள், நீங்களே பாருங்கள். பழைய ரசீதில் உள்ள எண்ணை எடுத்து, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான ‘டிஎன் அர்பன் இ-பே’ அரசு தளத்தில் போட்டால் எந்த அரையாண்டு, எவ்வளவு என்று தெரிந்துவிடும். முகவரி ‘டிஎன் டாட் கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அவர் அனுப்பிய லிங்க் வழியாகப் போகவே கூடாது. இணையம் பழக்கமில்லை என்றால் ரசீதை எடுத்துக்கொண்டு நகராட்சி வரி வசூல் மையத்துக்கே மாமனார் போகட்டும்.

பாக்கி இருந்தாலும் பதற வேண்டாம். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள், அதாவது ஏப்ரல் அல்லது அக்டோபரில், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. தாமதமானால் வட்டி சேரும், அவ்வளவுதான். முன்னறிவிப்பே இல்லாமல், ஒரு போனை மட்டும் போட்டுவிட்டு மறுநாளே குழாயைத் துண்டிப்போம் என்பது மிரட்டல்.

அந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்திருந்தால் பின் நம்பர் போடும் முன்பே, பணம் யார் பெயருக்குப் போகிறது என்று திரையில் காட்டியிருக்கும். அங்கே ஒரு தனி மனிதரின் பெயர் வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். ‘வரி ரசீது’ என்ற பெயரில் ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) வந்தால் தொடவே தொடாதீர்கள். அதை இன்ஸ்டால் செய்தால் உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போய்விடும்.

கேள்வி: நான் ஏமாந்து பணம் அனுப்பிவிட்டேன். வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
— வாசகர், திருச்சி

பதில்: கூச்சப்பட இது நேரமில்லை சார். உடனே சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணத்தை மோசடிக்காரர்கள் எடுப்பதற்குள் புகார் போனால் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு, ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனை எண், வந்த போன் நம்பர், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். அப்புறம் இன்னொன்று: “சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுவிட்டோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று அடுத்த வாரமே ஒரு அழைப்பு வரலாம். அதற்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.