எத்தனை அடி மீன் தொட்டி வாங்கலாம்? கேள்வி பதில்

கே: ரெண்டடித் தொட்டியில் கப்பி, மோலி, ஏஞ்சல், கோல்டு ஃபிஷ் கலந்து விடலாமா அண்ணா? (மஞ்சக்குப்பம்)

ஒரு கன அடி 28 லிட்டர். உங்கள் 2×1×1 தொட்டி 56 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடம் போக 45 தேறினால் அதிகம். கப்பியும் மோலியும் இருக்கட்டும். ஏஞ்சல் வாங்கும்போது காசளவுதான். வளர்ந்தால் துடுப்போடு அரையடி உயரம் வரும், கப்பிக் குஞ்சுகளை விழுங்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீர் மீன், கழிவும் அதிகம். இந்தக் கூட்டத்தில் வேண்டாம்.

கலந்து வளர்க்க ஆசையென்றால் 3×1½×1½ வாங்குங்கள், 190 லிட்டர். பெரிய தொட்டி என்றால் வேலை அதிகம் என்று பயப்படுகிறார்கள். சின்னத் தொட்டியில்தான் பாடு. ஒரு மீன் செத்துக் கிடந்தால் விடிவதற்குள் அம்மோனியா ஏறி மற்றதும் மிதக்கும். பெரிய தொட்டி ஒரு நாளாவது பொறுக்கும்.

கே: அழுக்கு தின்ன சக்கர் மீன் ஒன்று போடலாமா?

வேண்டாம். கடையில் விரல் நீளம், வளர்ந்தால் ஒன்றரை அடி. தின்கிற அழுக்கைவிடப் போடும் கழிவு அதிகம். பெரிதானதும் கெடிலம் ஆற்றில் கொண்டுபோய் விடுகிறவர்களை என்ன சொல்ல! அங்கே பெருகி நாட்டு மீனுக்கு இடமில்லாமல் செய்யும்.

கே: போர் தண்ணீர் லேசாக உப்பு. (தேவனாம்பட்டினம்)

மோலிக்கு அதுவே சந்தோஷம். நியான் டெட்ரா வாங்காதீர்கள்.

கே: உயரமான தொட்டி அழகாக இருக்கிறதே? லிட்டர் ஒன்றுதானே? (லாஸ்பேட்டை)

லிட்டர் ஒன்று, மூச்சு வேறு. 3×1½ அடித் தளத்தில் நீர்ப்பரப்பு நாலரைச் சதுர அடி. அதையே நிமிர்த்தி வைத்தால் இரண்டேகால். ஆக்ஸிஜன் அந்தப் பரப்பு வழியாகத்தான் இறங்கும்.

கே: மோட்டார் காற்று விடுகிறதே ஐயா! (அதே லாஸ்பேட்டை)

கரண்ட் போனால்?

கே: இன்வெர்ட்டர் இருக்கு.

தம்பி, 2011 டிசம்பர் 30, தானே புயல். எங்கள் தெருவில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் அன்று சாயங்காலமே படுத்துவிட்டது. என் உயரத் தொட்டி மறுநாளே காலி. நீளத் தொட்டியில் எட்டே மீன். சொம்பில் மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றி, வீடே முறை போட்டுக் காப்பாற்றினோம். இதற்கு மேலும் உயரம்தான் வேண்டுமென்றால் வாங்குங்கள், சொம்பையும் சேர்த்து.

கே: ரெண்டடியில் எத்தனை மீன் விடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். கப்பி என்றால் எட்டு, பத்து.

கே: ஞாயிற்றுக்கிழமை தொட்டி வருது. அன்றைக்கே மீன் விடலாமா?

கூடாது. ஃபில்டர் ஒரு மாதம் ஓடட்டும், தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அப்போதுதான் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா சேரும். அப்புறம் மூன்று, நான்காக விடுங்கள்.

கே: ரெண்டடிக்கு சக்கர்...

வேண்டாம்.

கே: சின்னதாகவே நிற்கும் சக்கர் இருக்காமே?

சரி, இருக்கு. பிரிஸில்நோஸ், நாலைந்து அங்குலத்தோடு நிற்கும். ஆணுக்கு மூக்கில் மீசை மாதிரி கிளைத்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.