வடக்கு இங்கிலாந்து மேடுகளில் சைக்கிள் பயணம்: கேள்வி பதில்

டரம் பக்கம் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து மேற்கே பார்த்தால் பென்னைன் மலைத்தொடர். மூட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் அதைப் பல முறை தாண்டியிருக்கிறேன். அந்தப் பாதைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோயம்புத்தூர் தம்பி ஒருவர்: அக்கா, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு இறங்காமல் ஏறிவிடுவேன். இங்கிலாந்தின் உயரமான மலையே ஆயிரம் மீட்டர் இல்லையாமே. அங்கே ஏறுவது சிரமமாக இருக்குமா?

இருக்கும் தம்பி. ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தான், உண்மை. ஆனால் நம் ஊர் மலைப்பாதை, வண்டி ஏற வேண்டும் என்று வளைத்து வளைத்துப் போட்டது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு கியரில் மூச்சைப் பழக்கிவிட்டால் அப்படியே ஏறிக்கொண்டே போகலாம். இங்கே பல சாலைகள், பொதிக்குதிரையும் ஆடுமாடும் நடந்த பழைய தடத்தின் மேல் தார் போட்டவை. வளைவே இல்லாமல் சுவரில் ஏணி சாத்திய மாதிரி நேரே ஏறும். 20 சதவீதம் என்று பலகை இருந்தால் நூறு மீட்டர் போவதற்குள் இருபது மீட்டர் உயரம்.

இன்னொன்று, கோத்தகிரி ஒரே ஏற்றம். இங்கே ஒரு கிலோமீட்டர் ஏறி, ஓடை வரைக்கும் இறங்கி, பாலத்தைத் தாண்டியதும் மறுபடி ஏற வேண்டும். ஒரு நாளில் ஏழெட்டு தடவை இப்படி. அதனால் திட்டம் போடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள்; அன்றைக்கு மொத்தம் எத்தனை மீட்டர் ஏறுகிறீர்கள் என்று பாருங்கள். சுமையோடு நாளைக்கு ஆயிரம் மீட்டர் ஏற்றம் எனக்குப் போதும். 50 கிலோமீட்டரிலேயே அது முடிந்துவிட்டால், அங்கேயே ராத்தங்கல்.

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு சகோதரி: முதல் முறையாகப் போகிறோம், நான்கு நாள் இருக்கிறது. எந்தப் பாதை?

யோசிக்காமல் 'சி டூ சி'. மேற்கே ஐரிஷ் கடலோரம் வொயிட்ஹேவனில் தொடங்கி, கிழக்கே வட கடலோரம் சண்டர்லேண்டில் முடியும். சுமார் 140 மைல், அதாவது 225 கிலோமீட்டர். 1994-ல் திறந்தார்கள். வழி நெடுக நீலப் பலகைகள் இருக்கும், தொலைந்துபோக மாட்டீர்கள்.

முதல் நாள் வின்லேட்டர் கணவாயைத் தாண்டிக் கெஸ்விக். கணவாய் 318 மீட்டர்தான், ஆனால் காலை சோதித்துவிடும். இரண்டாம் நாள் கெஸ்விக்கிலிருந்து பென்ரித். இது இளைப்பாறும் நாள். தொடக்கத்தில் த்ரெல்கெல்டு வரைக்கும் பழைய ரயில் பாதை, கிரேட்டா ஆற்றை மாறி மாறித் தாண்டும் பாலங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் அதில் இரண்டு பாலங்களை அடித்துக்கொண்டு போனது. 2020 டிசம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். அங்கே அவசரப்படாதீர்கள்.

மூன்றாம் நாள்தான் பயணத்தின் உயிர். ஈடன் பள்ளத்தாக்கிலிருந்து 580 மீட்டரில் இருக்கும் ஹார்ட்சைடு உச்சிக்கு ஏறுவீர்கள். உச்சியை நெருங்கும் பெரிய சாலை கிட்டத்தட்ட நம் ஊர் மலைப்பாதை போலவே சீராக வளைந்து ஏறும், பயம் வேண்டாம். மேலே இருந்த கஃபே 2018-ல் தீயில் எரிந்துபோனது. பழைய வழிகாட்டிகளை நம்பித் தண்ணீர் இல்லாமல் ஏறிவிடாதீர்கள். பிறகு இறங்கி, பழைய ஈயச் சுரங்க ஊரான நென்ட்ஹெட். அங்கிருந்து பிளாக் ஹில், 609 மீட்டர். தேசிய சைக்கிள் பாதைகளிலேயே உயரமான இடம் அது. ஜூன் மாதம் சாயங்காலம் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். வெயில் குடித்த தார்ச்சாலையின் சூட்டுக்காக ஆடுகள் ரோட்டிலேயே படுத்திருக்கும். மணியடித்தால் எழுந்திருக்காது, நாம்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

அன்றிரவு ஆலன்ஹெட்ஸ் பக்கம் தங்குங்கள். நான்காம் நாள் ஸ்டான்ஹோப் (உள்ளூரில் 'ஸ்டானப்' என்பார்கள்). ஊரை விட்டு வெளியேறும் கிராலிசைடு ஏற்றத்தில் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். நானும் தள்ளியிருக்கிறேன். உச்சியைத் தாண்டினால் 1834-ல் போட்ட ரயில் தடம் இப்போது சைக்கிள் பாதையாக இருக்கிறது. அதைப் பிடித்தால் கான்செட் வழியாகக் கடல் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம். கான்செட்டில் இருந்த இரும்பாலை 1980-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில், நில அளவைக் கருவிகளைப் பல மடங்கு பெரிதாக்கி எஃகில் வார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். நின்று பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லெஸ்டரில் இருப்பவர்: கிழக்கிலிருந்து மேற்கே வரக் கூடாதோ அக்கா? எனக்கு சண்டர்லேண்டில் சொந்தக்காரர் இருக்கினம்.

வரலாம். ஆனால் இங்கே பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குக் காற்று. மூன்று நாள் எதிர்காற்றில் மிதித்தால் மேடு இல்லாத இடமும் மேடாகிவிடும். சொந்தக்காரர் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், சுடுசோறு காத்திருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 893 மீட்டர் உயரமுள்ள கிராஸ் ஃபெல் மலையின் மேற்குச் சரிவில் வடகிழக்கிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் காற்றுக்கு 'ஹெல்ம் விண்ட்' என்று பெயர். பிரிட்டனில் தனிப் பெயர் பெற்ற ஒரே காற்று. மலைமுகட்டில் தலைப்பாகை கட்டிய மாதிரி மேகம் அசையாமல் நிற்கும். கீழே ஈடன் பள்ளத்தாக்கில் நிற்கவே விடாது. குளிர்கால முடிவிலும் வசந்தத்திலும் அதிகம். அது அடிக்கும் நாளில் ஹார்ட்சைடு ஏற வேண்டாம். பென்ரித்தில் ஒரு நாள் கூடுதலாக இருந்துவிடுங்கள்.

சென்னை, ஐ.டி. ஊழியர்: என்ன கியர் வேண்டும்? என் ரோடு பைக்கில் முன்னால் சிறியது 34 பல், பின்னால் பெரியது 28.

சுமையோடு போதாது. கணக்கு இதுதான். சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். 34-க்கு 28 என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு இரண்டரை மீட்டர். 20 சதவீத மேட்டில் பக்கப்பைகளோடு அதை மிதிக்க முழங்கால் தாங்காது. முன்னால் 26, பின்னால் 34 என்றால் ஒரு சுற்றுக்கு 1.6 மீட்டர். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். நடப்பதைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான் தேவை. கால் பலத்தை நம்பாதீர்கள், பல்சக்கரத்தை மாற்றுங்கள்.

திருச்சி: ஹார்ட்நாட் பாஸ் வீடியோ பார்த்தேன். சுமையோடு ஏற ஆசை.

ஆசையைத் தள்ளிவையுங்கள். அந்தக் கணவாயின் உயரம் 393 மீட்டர்தான், ஆனால் சரிவு மூன்றுக்கு ஒன்று வரைக்கும் போகும். தங்குமிடத்தில் மூட்டையை இறக்கிவிட்டு, வெறும் சைக்கிளோடு, காய்ந்த சாலையில், கார் கூட்டம் இல்லாத காலை வேளையில் போங்கள். மேற்குப் பக்கத்தில் ரோமானியர் கோட்டை இருக்கிறது; மூச்சு வாங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

பர்மிங்ஹாம்: இறக்கத்தில்தான் எனக்குப் பயம் அக்கா.

அந்தப் பயம் நல்லது. ஒரு தடவை மழையில் ஆலன்ஹெட்ஸ் பக்கம் இறங்கினேன். ரிம்மில் கரகரவென்று சத்தம். மணலும் ரப்பரும் கரைந்து கறுப்புக் குழம்பாக விரல் வரைக்கும் தெறித்தது. பிரேக் பிடி ஹேண்டில்பாரையே தொட்டுவிட்டது, வண்டி நிற்கவில்லை. புல்மேட்டில் ஏற்றி நிறுத்திப் பார்த்தால் காலையில் பாதி இருந்த பிரேக் கட்டை மழமழவென்று தேய்ந்திருந்தது. அன்றிலிருந்து ஒரு ஜோடி பிரேக் கட்டை பையில் இல்லாமல் கிளம்புவதில்லை.

தொடர்ந்து அழுத்திப் பிடிக்காதீர்கள், பிடித்துப் பிடித்து விடுங்கள். சாலையின் குறுக்கே கால்நடை தாண்டாமலிருக்க இரும்புக் கம்பிகள் பதித்த இடம் வரும். அதை நேராகக் கடந்து போங்கள், கம்பியின் மேல் பிரேக்கும் கூடாது, திருப்பமும் கூடாது. ஒரு பக்கம் தாய் ஆடு, மறுபக்கம் குட்டி நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும். இது தப்பவே தப்பாது.

மதுரை: கூடாரம் போட்டுத் தங்கலாமா?

இங்கிலாந்தில் நில உரிமையாளர் அனுமதி இல்லாமல் கண்ட இடத்தில் கூடாரம் போட உரிமை இல்லை. தெற்கே டார்ட்மூரின் பொது நிலங்கள் மட்டும் விதிவிலக்கு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வடக்கில் கேம்ப்சைட்டோ, பண்ணைக்காரரிடம் கேட்டு வாங்கிய ஓரமோதான். கேட்டால் பல பேர் சரி என்பார்கள்.

சேலம்: சுத்த சைவம். சாப்பாடு?

சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து பீன்ஸும் சீஸும் போட்டுத் தருவார்கள். மேடு ஏற அது போதும். மலை ஊர்களில் கடை சீக்கிரம் மூடிவிடும், அதனால் அடுத்த வேளைச் சாப்பாடு எப்போதும் பையில் இருக்கட்டும். நான் கடலைமிட்டாய் கொண்டுபோகிறேன். மழையில் நனைந்தாலும் அது கைவிடாது.

மில்டன் கீன்ஸ்: அப்பாவுக்கு 66 வயது. அவரையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

சி டூ சி வேண்டாம். பீக் மாவட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். ஆஷ்போர்னிலிருந்து டிஸ்ஸிங்டன் டிரெயில் 13 மைல், பேக்வெல் பக்கம் மான்சல் டிரெயில் எட்டரை மைல். இரண்டும் பழைய ரயில் தடங்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது, அதனால் தடத்தைச் சீராகத்தான் போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மலை, காலுக்கு மட்டும் சமதளம். மான்சலில் 2011-ல் திறந்துவிட்ட குகைப்பாதைகளுக்குள் போகும்போது குளிரும், அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாரோ சகோதரி மறுபடியும்: பின்சக்கரத்தை ஐரிஷ் கடலிலும் முன்சக்கரத்தை வட கடலிலும் நனைப்பார்களாமே?

ஆமாம், நீங்களும் நனையுங்கள். டயர் மட்டும் நனைந்தால் போதும், செயினில் உப்புத் தண்ணீர் படக் கூடாது. பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, எண்ணெய் போட்டுவிடுங்கள். முதல் நாளே வின்லேட்டர் இருக்கிறது.